கருப்புசாமிக்குப் பக்கத்தில் ஓர் இடம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஊட்டி மார்க்கெட் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் பரமக்குடிக்குத் தெற்கே. இங்கே காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, வாசகம் எழுதுவது நான்தான். போன மாதம் உமாராணி வந்தார். ஊட்டியிலேயே காந்தல் பக்கம் மளிகைக்கடை வைத்திருப்பவர், ஐம்பதை நெருங்குகிறார்.

"ஏனுங்க, கல்லுல பொறிக்கோணும். எங்க வம்சத்துல மொதமொதல்ல மலையேறுனவரு கருப்புசாமி பாட்டனாரு. அவரு சமாதி மேல சின்னதா மண்டபம் கட்டுறோம். நாலு வரி எழுதிக் குடுங்க போதும்."

நாலு வரிக்குத்தான் உட்கார்ந்தேன். நிற்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "கொங்கு மண்ணின் தவப்புதல்வன், மலை கண்ட மாவீரன்..." வேண்டாம். இது ஃபிளெக்ஸ் பாஷை.

இரண்டாவது: "கருப்புசாமி எப்படிப்பட்டவர் என்றால்..."

(எப்படிப்பட்டவர்? படம் கிடையாது. குட்டையா நெட்டையா என்றுகூட அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: ரயில் வராத காலத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரே ஒரு பொதிமாட்டின் முதுகில் உப்பு ஏற்றிக்கொண்டு தனியாக வந்தார். திரும்பிப் போகவில்லை.)

மூன்றாவது. இது இருக்கட்டும்:

பாதி மலையில் பாதை காணாமல் போனது. மேகம் மரங்களைத் தின்றது, பிறகு மாட்டின் தலையை, பிறகு அவருடைய கைகளை. கருப்புசாமி நின்றுவிட்டார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கயிற்றை விட்டுவிட்டு மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டார். மாடு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு நடந்தது. அதன் கழுத்துமணி வெள்ளைக்குள்ளே எங்கேயோ முன்னால் கேட்டுக்கொண்டே போக, கண்ணை மூடிக்கொண்டு அவரும் பின்னால் போனார். திறந்திருந்தாலும் ஒன்றுதான்.

இதெல்லாம் நான் கட்டியது. எழுதும்போது எனக்கு வேறெதுவும் தெரியாது.

3

குன்னூருக்குக் கீழே, பழைய மலைப்பாதை ஓரத்தில், எஸ்டேட் வேலியை ஒட்டி அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. அதில் நட்ட கல் ஒன்று. வருசா வருசம் மாட்டுப்பொங்கலன்று குடும்பமே போய்ப் படையல் போடும். ஏன் மாட்டுப்பொங்கலன்று? அன்றைக்குத்தான் கடை லீவு என்பார்கள். படையலில் இலை கிடையாது. ஊறவைத்த பருத்திக்கொட்டையில் வெல்லம் கலந்து கல்லுக்கு முன்னால் வெறுந்தரையில் குவிப்பார்கள். பாட்டனாருக்குப் பருத்திப்பால் என்றால் உயிராம்.*

* அரைத்துப் பிழிந்தால்தானே பருத்திப்பால் என்று கேட்டேன். "அந்தக் காலத்து ஆளு, பல்லு கெட்டியா இருந்திருக்குமுங்க" என்றார் உமாராணி.

அவருடைய அப்பா சண்முகசுந்தரத்துக்கு எண்பத்திரண்டு. இதயம் பலவீனம், இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பெரியவரின் தம்பிகள் எப்போதோ கடையில் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு கோயமுத்தூர் போனார்கள். வா வா என்று இவரையும் கூப்பிட்டார்கள். "பாட்டனாரை உட்டுப்போட்டு எங்கடா வாரது?" என்று இருந்துவிட்டார். அப்பாவை விட்டுவிட்டு எங்கே போவது என்று உமாராணியும் இருந்துவிட்டார். வந்த வரன்கள் எல்லாம் மலையிறங்கிப் போகவேண்டிய கீழ்நாட்டு வரன்கள்.

அவர்கள் வழக்கத்தில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். பெரியவர் கேட்பது ஒன்றே ஒன்று. பாட்டனாருக்குப் பக்கத்தில் தன்னைப் போட வேண்டும்.

4

(இந்தப் பகுதி, முந்தாநாள் உமாராணி போனில் சொன்னபடி.)

மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டியவர் சகாயம். பக்கத்து டீக்கடையிலிருந்து கெண்டியில் டீ வாங்கிப்போன உமாராணி, குழிக்குள் அவர் கடப்பாரையை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்னுங்க சகாயம், அதுக்குள்ள ரெஸ்ட்டா?"

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"உங்க பாட்டனாருக்குக் கொம்பு இருந்துச்சுங்களா?"

குழிக்குள் ஒரு கொம்பு கிடந்தது. நுனியில் பச்சை பிடித்த பித்தளைக் குப்பி. அதன் அடியில் அகலமான மண்டையோடு. எந்த ஊர் மனுசனுக்கும் அப்படி ஒரு நெற்றி கிடையாது.

உமாராணிக்கு முதலில் வந்தது சிரிப்பு. கெண்டி ஆடி டீ சேலையில் கொட்டியது. எத்தனை வருசம்! பட்டுச்சேலை கட்டி, குழந்தைகளை விழுந்து கும்பிட வைத்து, விபூதி பூசி! பிறகு அப்பா ஞாபகம் வந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

கருப்புசாமி தன் மாட்டைப் புதைத்துக் கல் நட்டுக் கும்பிட்டிருப்பார். அவர் கும்பிட்டதைப் பார்த்த பிள்ளைகளும் கும்பிட்டிருக்கும். அவர் போன பிறகு, கல் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அவரை எங்கே புதைத்தார்கள் என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

"மூடிருங்க சகாயம். வெளிய சொல்லாதீங்க."

"நான் எதுக்குங்க சொல்றேன். ஆனா ஒண்ணுங்கக்கா, அந்த மாடு குடுத்து வெச்சதுங்க. எங்க தாத்தனுக்கெல்லாம் செலவு பண்ணி அடக்கம் வெச்சோம், வருசம் திரும்புறதுக்குள்ள மறந்துட்டோம்."

5

முடிவு ஒன்று. உமாராணி சொல்லிவிடுகிறார். பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, "அப்ப நானும் கோயமுத்தூரே போயிருக்கலாம்" என்கிறார்.

எழுதினேன், அழித்தேன். மகளின் முகத்தை அதற்குமேல் எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு:

"என்ன சாமி, தோண்டிட்டாங்களா?"

"ஆச்சுங்கப்பா."

"பாட்டனாரு எந்தப் பக்கம் தலை வெச்சிருக்காரு? என்னையும் அப்புடியே போட்டுருங்க."

உமாராணி போர்வையைச் சரிசெய்தார். "மேட்டைப் பார்த்துங்கப்பா."

"பின்ன? மலையேறுனவரு" என்று பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

6

இரண்டாவது முடிவு எனக்குப் பிடித்திருந்தது. இன்று மத்தியானம் உமாராணி கல் வாசகம் கேட்டு வந்தபோது, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். கவுண்டரில் முழங்கை ஊன்றி முழுசாகப் படித்தார்.

"அப்பா என்னைய சாமீனு கூப்புடமாட்டாருங்க. ஏ புள்ளைனுதான்."

"மாத்திடறேன்."

"அப்பறம், நான் இன்னும் அவருகிட்ட போகவே இல்லீங்களே. தூங்குறாரு, மாத்திரை போட்டிருக்குதுன்னு ரெண்டு நாளாத் தப்பிச்சுட்டிருக்கறேன். நீங்க பாட்டுக்கு முடிச்சுட்டீங்க." திரையில் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "மேட்டைப் பார்த்துங்கறது பொய்யில்லீங்க. மண்டை மேட்டுப் பக்கந்தான் இருந்துச்சு. ஆனா அதை மட்டும் சொன்னா பொய்தானுங்களே?"

எழுத்தில் யார் வாயிலும் எதையும் வைத்துவிடலாம். எதிரே நின்று கேட்டால்?

"அவரு வாழ்நாள் பூரா நம்புனாருங்க. தெரியாமயே போகட்டும்னு உடறதா? இல்ல, யாரு பக்கத்துல படுக்கறோம்னு தெரிஞ்சு படுக்கட்டும்னு சொல்றதா? நீங்க எழுதறவருதானே, சொல்லுங்க."

செல்போன் அடித்தது. பக்கத்து வீட்டு சுலோச்சனா; குரல் எனக்கே கேட்டது. "உமாக்கா, அப்பா முழிச்சுட்டாரு. உங்களைத்தான் கேக்கறாரு. பாட்டனாரு எப்புடி இருக்காருங்கறாரு."

உமாராணி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். "நடந்தே போறனுங்க. பஸ்ஸுன்னா சீக்கிரம் போயிரும்."

வெளியே பனி இறங்கிவிட்டது. கடை வாசலில் நின்று பார்த்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் சேலையின் நிறம் போனது, பிறகு அவரே போனார். செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

என்னால் கடையை விட்டு வர முடியாது. ஓனர் ஆறு மணிக்குத்தான் வருவார். உங்களால் முடியும். இந்த நேரத்துக்கு அவர் காந்தல் இறக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார். உங்களிடம் ஒரு வார்த்தை இருந்தால் எட்டி நடந்து போய்ச் சொல்லுங்கள். அதற்குள் அவர் உள்ளே போய்விட்டால், கதவைத் தட்ட வேண்டியதில்லை. அந்த வீட்டில் பகல் முழுக்கத் திறந்துதான் வைத்திருப்பார்கள்.