சபீக்காவின் இத்தா

விடுதலை நாள் வந்துவிட்டால் குவைத்தில் யாருக்கும் நிதானம் இருக்காது. விடிந்ததிலிருந்து கார் ஹாரன், கொடி, பிள்ளைகளின் தண்ணீர்த் துப்பாக்கி. அந்தக் கூத்துக்கு நடுவே சபீக்கா ஜன்னல்களைச் சாத்திவிட்டு அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். கண்ணுக்கிடும் சுர்மா, அத்தர், வளையல், பூப்போட்ட அங்கி எல்லாவற்றையும் மகள் கனீமாவின் கையில் திணித்தாள்.

இராக் படை பிடித்துக்கொண்டு போன அவள் கணவர் மிஷாரி, பதினான்கு வருஷம் கழித்து ஒரு சின்னப் பெட்டியில் எலும்பாகத் திரும்பியிருந்தார். நேற்றுதான் ஆண்கள் கொண்டுபோய் அடக்கினார்கள். இனி நாலு மாதம் பத்து நாள் இத்தா; புருஷனை இழந்தவள் அலங்காரம் துறந்து வீட்டுக்குள் இருக்கும் துக்கம். மனைவியா விதவையா என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கியவளுக்கு, அவருக்காகச் செய்ய மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையாவது குறைவில்லாமல் செய்துவிடத் துடித்தாள்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு கொழுந்தன் பர்ஜஸ் வந்தார். உட்காரவில்லை.

"மதினி, இமாம்ட்ட கேட்டேன். உங்களுக்கு இத்தா கிடையாதாம்."

"என்ன தம்பி உளர்றீங்க?"

"மௌத்தான நாள்லேருந்துதான் கணக்காம், சேதி எப்ப வந்தாலும் சரி. அண்ணனைச் சுட்ட தேதி இராக்காரங்க காகிதத்துலயே இருக்கு. தொண்ணூறு அக்டோபர் இருபத்தொண்ணு. பிறைக் கணக்குல உங்க இத்தா தொண்ணூத்தொண்ணு பிப்ரவரி இருபத்தாறோட முடிஞ்சுபோச்சு."

அது எந்த நாள் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் விடுதலை நாள். கை நிறைய மருதாணி, சிவப்பு அங்கி. இனி அவர் வந்துவிடுவார் என்று தெருவில் நின்று தொண்டை கிழியக் குலவையிட்டாளே, அன்று.

சட்டம் சரியாகத்தான் இருக்கும். சட்டத்துக்கென்ன, அது அழ வேண்டியதில்லை.

"அந்த நாலு மாசமும் தினம் சுர்மா போட்டேன் தம்பி. திடுதிப்புன்னு வந்து நின்னா அழகா பாக்கட்டும்னு போட்டேன்."

"தெரியாம செஞ்சதுல குத்தமில்ல மதினி."

"குத்தத்தையா கேட்டேன்?"

கனீமா அவள் தோளைத் தொட்டாள். "மூணு நாள் துக்கம் இருக்கலாம்ல உம்மா?"

"அது ஊர்க்காரங்க இருக்கிற துக்கம்டி. அவருக்கு நானும் ஊர்க்காரிதானா?"

நேற்று பெட்டியைப் பார்த்தபோதுகூட அழாதவள், அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.