வெஸ்லியின் மணிக்கட்டில் ஒரு குருவி

டார்வின் நகரின் பாரப் சந்தைக் கூட்டத்தின் நடுவே லக்ஸா நூடுல்ஸ் கிண்ணத்தை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையால் போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள் மார்னி. ஒரு படத்தில் விரல் நின்றது.

வெஸ்லியின் கை.

தோளிலிருந்து முன்கை வரை அவள் குத்திய டாட்டூக்கள். முதலை, தவளை, இலைகள், வாயைப் பிளந்த பாரமுண்டி மீன். டார்வினில் அவளுடைய பக்கத்தைப் பார்க்கிறவர்கள் அந்தக் கைக்காகத்தான் வந்தார்கள். மணிக்கட்டு மட்டும் காலியாக இருந்தது. அங்கே ஓர் ஓணான் என்று மனதுக்குள் எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தாள்.

இப்போது அங்கே ஒரு கூல்டியன் குருவி. சிவப்புத் தலை, ஊதா மார்பு, மஞ்சள் வயிறு. குத்திப் படம் போட்டவள் கோரின், எதிர்த்தெருவில் புதிதாக டாட்டூக் கடை திறந்தவள். லைக்குகள் ஏறிக்கொண்டேயிருந்தன.

மார்னி வெஸ்லியைப் போனில் கூப்பிட்டாள்.

“என்னப்பா இது?”

“பாத்துட்டியா? நல்லாருக்குல்ல?”

“அந்த எடம் எனக்குன்னு இருந்தேன்.”

“கலர்ப் பறவை எல்லாம் சின்னப் பிள்ளைங்க ஸ்டிக்கர் மாதிரின்னு நீதான சொன்ன. ரெண்டு தடவை கேட்டுப் பாத்தேன், மார்னி. ஓணான் ஓணான்னே நின்ன.”

போனை வைத்தாள். படத்தை விரலால் விரித்தாள். இன்னும் விரித்தாள்.

கிடைத்துவிட்டது.

வாலின் ஓரத்தில் ஒரு கோடு நீலமாகக் கசிந்திருந்தது. ஊசி அளவுக்கு மேல் இறங்கினால் மை தோலுக்குள் இப்படிப் பரவும். தொழிலில் இதைவிட அசிங்கம் கிடையாது.

ஊரே பார்க்கும்படி கீழே எழுதினாள்: ‘வால் பக்கம் பாருங்க. கோடு ஊறிப்போயிருக்கு. இவ்ளோ அழுத்தினா தோல் என்ன ஆகும்?’

ஆறிப்போன லக்ஸாகூட ருசித்தது.

கிண்ணம் காலியாவதற்குள் வெஸ்லியின் பதில் வந்தது: ‘அது வால் இல்ல. நீ மொத வருஷம் குத்தின யூகலிப்டஸ் இலையோட காம்பு.’

அதன் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசை கட்டின. காது மடல் சுட்டது. அழிக்கலாம் என்று தன் கமெண்ட்டைத் தேடியபோது அங்கே எதுவுமே இல்லை. போன் அடித்தது.

“கோரின் பேசறேங்க. உங்க கமெண்ட்ட எடுத்துட்டேன், வெஸ் போட்ட பதிலும் அதோட போயிடுச்சு.”

“எதுக்கு எடுத்தீங்க?”

“பாக்க சங்கடமா இருந்துச்சு. அந்தக் காம்ப நானே சரி பண்ணட்டுமான்னு அவர்கிட்ட கேட்டேங்க. மார்னிகிட்டதான் போவேன்னுட்டார்.”

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

குருவி குத்திய புண் ஆறியதும் வெஸ்லி வந்து கையை நீட்டினான். ஊறிய காம்பின் மேல் அடர்பச்சையில் புது இலை ஒன்றை இறக்கினாள் மார்னி. விளக்கு வெளிச்சத்தில் பக்கத்திலேயே குருவி. ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு கோடுகூடக் கசியவில்லை. தேடித்தான் பார்த்தாள்.

“குருவி நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லேன். ஊசி என்னைத்தான குத்துது, உன் மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?”

“ஆடாம உக்காரு, வெஸ்.”

முடித்துப் படம் எடுத்தாள். இலை மட்டும் தெரியும்படி வெட்டிப் பார்த்தாள். எப்படி வெட்டினாலும் குருவியின் வால் உள்ளே வந்தது. கடைசியில் முழுக்கையையும் போட்டு, கோரின் பெயரையும் சேர்த்தாள்.

‘குருவி பிரமாதம்,’ என்றது முதல் கமெண்ட். அடுத்ததும் குருவிதான்.

இலையைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று கீழே கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தாள் மார்னி.