போலீஸ் சிஸ்டருக்கு ஒரு தம்பி

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வார்டை மூடிவிட்டு, எதிர்ச்சாரியில் கிளினிக் திறந்தார்கள். காலையில் கத்தி, சாயங்காலம் வீடு. ராத்திரி கூட இருக்க ஆள் உண்டென்றால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அதை விசாரிப்பது நம்ம சிஸ்டரின் வேலை. அப்பப்பா, என்ன விசாரணை! சும்மாவா ‘போலீஸ் சிஸ்டர்’ என்று பெயர் வைத்தார்கள்? பாவம், வார்டில் வருஷக்கணக்காகக் கண்முழித்தவள். வீட்டுக்குப் போகிறவர்கள் தனியாகக் கிடப்பார்களே என்று அவளுக்குக் கவலை.

போன மாதம் குடலிறக்கத்துக்கு வந்த பெரியவர், வாசலில் வாடகை வண்டி ஓட்டுகிறவனைக் காட்டி, “என் பையன்” என்றார்.

“அப்பாவுக்கு எந்த மருந்து ஒத்துக்காது?” என்றாள் சிஸ்டர்.

வண்டிக்காரன் திருதிருவென்று முழித்தான். ஆபரேஷன் ரத்து. பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

இப்போது சிஸ்டருக்கே பித்தப்பையில் கல். வலி வந்தால் உயிர் போய் உயிர் வருகிறது. தள்ளிப்போடக் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புருஷன் இல்லை, மகள் கடல் தாண்டி இருக்கிறாள். யாரைக் கூப்பிடுவது? மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

“ஒருநாள் எனக்குத் தம்பியா நடிக்கணும்பா.”

“அட, நீங்களா!” வண்டிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். “சரிக்கா. பரீட்சைக்கு இந்தத் தடவை படிச்சிட்டு வரேன்.”

படித்துத்தான் வந்தான். புதிதாகச் சேர்ந்த சின்ன நர்ஸ் கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று பதில். ராத்திரி யார் இருப்பார்கள் என்றதற்கு, “நானும் என் வீட்டுக்காரியும்” என்றான். பயல் என்னமாய்ப் புளுகுகிறான் என்று வியந்தபடியே சிஸ்டர் மயக்கத்துக்குப் போனாள்.

சாயங்காலம் அவளைக் கைத்தாங்கலாக வீட்டு வாசலில் இறக்கினான்.

“போதும்பா, நீ கிளம்பு” என்றாள். ராத்திரியை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது.

“எங்க கிளம்புறது?” என்றான். கதவருகே அவன் மனைவி போர்வையும் தலையணையுமாக நின்றிருந்தாள்.

“நிஜமாவே இருக்கப்போறீங்களா?”

“பின்னே? அந்தப் பெரியவரையும் எங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போறதா இருந்தோம். இவ கட்டில்கூட ஒழிச்சு வெச்சிருந்தா. நீங்க எந்த மருந்து ஒத்துக்காதுன்னு கேட்டீங்க. ராத்திரி கூட இருப்பியான்னு கேக்கவே இல்லியேக்கா.”

சிஸ்டருக்குச் சுருக்கென்றது. ஆள் வேண்டும் என்பதுதான் விதி. சொந்தமாக இருக்கவேண்டும் என்பது அவளாகச் சேர்த்துக்கொண்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகை வந்தது. அழுதால் வயிறு வலித்தது.

“அவர் நம்பர் இருக்கா?”

“முதல்ல படுங்கக்கா” என்றாள் வண்டிக்காரன் மனைவி.

“போட்டுக் குடும்மா, சொல்றேன்.”

குரலைக் கேட்டதும் பெரியவர் நடுங்கிப்போனார். “அம்மா, எனக்குத்தான் ஆள் இல்லியேம்மா.”

“யார் சொன்னது? உங்க பையன் இங்கதான் உக்காந்திருக்கான். அடுத்த வாரம் அவனோட வந்து சேருங்க.”