லிட்டருக்கு அஞ்சு

“அஞ்சு குடுக்குமா பாய்?” என்று கோவிந்தராசு கேட்டார்.

ஜெய்லானி பாய் லாரியின் முன்பக்கத்திலிருந்து இறங்கி, கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டார். சவுதியில் பெரிய வண்டிகளுக்கு டீசல் பம்பு பார்த்துவிட்டு வந்து மங்கலம்பேட்டையில் பட்டறை போட்டவர்.

“இழுவை கண்டிப்பா வரும். அதுக்கு நான் பொறுப்பு. கம்பெனிக்காரன் பம்ப எல்லா வண்டிக்கும் பொதுவா ஒரே அளவுல வெச்சி அனுப்புறான். நான் உங்க வண்டிக்கு, நீங்க போற ரோட்டுக்குன்னு தனியா வெச்சிருக்கேன். மைலேஜ நீங்கதான் ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லணும்.”

“இப்ப லிட்டருக்கு நாலு தாண்ட மாட்டேங்குது.”

“வாசல்ல நொழையும்போதே பொகை சொல்லிடுச்சி.”

கோவிந்தராசுவின் மனைவி அமுதவள்ளி பட்டறை ஓரத்தில் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். “எப்பிடியாச்சும் அஞ்சு வர வெச்சிருங்க பாய்” என்றாள்.

“தங்கச்சிதான் வண்டிக்கு ஓனரா?”

“ஓனரு அவருதான். காத்துக் கெடக்குறதுக்கு நானு.”

பாய் சிரித்தார். கோவிந்தராசு சிரிக்கவில்லை.

அவர் நாக்பூர் லைனில் ஓடிக்கொண்டிருந்தார். போனால் பாதி மாதம் ஆளைப் பார்க்க முடியாது. வந்தாலும் குளித்து, தூங்கி, அடுத்த லோடுக்குக் கிளம்பிவிடுவார். மகள் பூர்ணிமாவை ஓசூரில் கட்டிக் கொடுத்த பிறகு விருத்தாசலம் வீட்டில் அமுதவள்ளி மட்டும்தான். பகலில் பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். அங்கே பேச்சுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு வந்தால் ஒரு குழம்பு வைத்தால் போதும், தீரவே தீராது. டிவியில் யாராவது “சாப்பிட்டியா?” என்று கேட்டால் இவள் பதில் சொல்வாள். சொன்ன பிறகுதான் உறைக்கும்.

பம்பைக் கழற்றிப் பார்க்கலாம் என்று கோவிந்தராசு முதலில் சொன்ன அன்று அவள் பிடித்துக்கொண்டாள்.

“அஞ்சு குடுத்தா என்னா ஆவும்?”

“டீசல் மிச்சமாவும்.”

“மிச்சமானா?”

“நாக்பூர் லைன வுட்டுடலாம். திருச்சி, சேலம்னு பக்கத்துலயே ஓட்டிக்கிட்டு ராத்திரி வூட்ல வந்து படுத்துக்கலாம்.”

“சும்மா சொல்றீங்களா?”

“சும்மா எதுக்குடி சொல்லப் போறேன்? எனக்கு மட்டும் ரோட்டுல கெடக்கணும்னு ஆசையா? நாலு குடுக்குற வண்டிய வெச்சிக்கிட்டுப் பக்கத்து லோடு ஓட்டுனா கட்டாது. அஞ்சு குடுத்தா கட்டும்.”

அதனால்தான் அவள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பட்டறைக்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

பம்பு மாட்டியதும் முதல் லோடு அவளுடைய கம்பெனியிலிருந்தே கிடைத்தது. திருச்சிக்குப் பீங்கான் பொம்மைகள்.

“நானும் வரட்டா?”

“நீ எதுக்கு?”

“கிளீனரு இல்லல்ல. பேச்சுத்தொணைக்கு.”

“வா. ஆனா தூங்கிடக் கூடாது. நீ தூங்குனா எனக்கும் தூக்கம் வரும்.”

வேப்பூர் பங்கில் டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்பினார்கள். கோவிந்தராசு வண்டியை முன்னும் பின்னும் உலுக்கி, நுரை அடங்கியதும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். திரும்பி வந்து இதே பங்கில் இதே மாதிரி நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை, ஊற்றிய டீசலால் வகுத்தால் கணக்கு கிடைத்துவிடும்.

நாலு வழிச் சாலை போடுவதற்காக வழியெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கோவிந்தராசு வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, இறக்கி, ஏற்றினார். அடிக்கடி முகத்தை அவள் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு முறையும் அமுதவள்ளி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஊர்ல உங்களப் பத்தி வேற மாரில்ல சொல்றாங்க.”

“என்னா சொல்றாங்க?”

“ரோட்டுல பறக்குறாருன்னு.”

“இன்னிக்குப் பறக்க முடியாது.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயில் சிரிப்பு நிற்கவில்லை. கல்யாணமான புதிதில்கூட இவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதன் பிறகு திருச்சி வரைக்கும் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். பூர்ணிமாவின் மாமியார், கம்பெனியில் கை உடைந்த பொம்மைகளைத் திருடிக்கொண்டு போகும் ஒருத்தி, கூரையில் ஒழுகும் இடம். அவர் “ம்” கொட்டினார். இறக்கி முடித்துத் திரும்பும்போது அவள் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். அவர் எழுப்பவில்லை.

வேப்பூரில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டபோது அஞ்சுக்கு மேலேயே வந்தது.

“பாய் சாதிச்சிட்டாரு பாரு!” என்று கோவிந்தராசு டேங்க்கைத் தட்டினார்.

அந்த வாரம் தினமும் இரவு அவர் வீட்டிலேயே படுத்தார். அமுதவள்ளி பக்கத்து வீட்டுப் பெரியநாயகியிடம், “இனிமே வூட்டோடதான் இருக்கப் போறாரு. கொறட்டைதான் தாங்கல” என்றாள்.

“கொறட்டைய என்னமோ கோயில் மேளம் மாரி சொல்றியே” என்றாள் பெரியநாயகி.

அடுத்த லோடு வேர்க்கடலை மூட்டை. அதே திருச்சிதான். அமுதவள்ளிக்குக் கம்பெனியில் விடுப்பு தரவில்லை. கோவிந்தராசு மட்டும் போனார். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றவில்லை.

“நாலுகூட வரல.”

“கணக்கு தப்பியிருக்கும்.”

“ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன். அந்த பாய் என்னமோ ஏமாத்திட்டாரு. வா, கேட்டுட்டு வரலாம்.”

பட்டறையில் பாய் தானே வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இன்ஜினை நிறுத்தாமல் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“பம்பு வெச்ச எடத்துல அப்பிடியே இருக்குது. நீங்க எப்பிடி ஓட்டுனீங்க?”

“எப்பவும் போலத்தான்.”

“எப்பவும் போலன்னா?”

“இழுவைதான் இருக்குதே. முன்னாடி போன பஸ்ஸையெல்லாம் ஓரங்கட்டிட்டுப் போனேன். மேட்டுல கியரு கொறைக்கவே இல்ல பாய், என்னா இழுப்புங்கிறீங்க!”

“அதான் குடிச்சிருக்குது. இழுவையும் வேணும், மிச்சமும் வேணும்னா எப்பிடி? காலு எவ்ளோ கேக்குதோ அவ்ளோ பம்பு குடுக்கும். மொத தடவ அஞ்சு வந்துச்சின்னீங்களே, அன்னிக்கு எப்பிடிப் போனீங்க?”

கோவிந்தராசு யோசித்தார். அதற்குள் அமுதவள்ளி சொல்லிவிட்டாள்.

“அன்னிக்கு நான் கூட இருந்தேன்ல பாய். நான் ஒக்காந்திருந்ததாலதான் மெதுவா ஓட்டுனாரு. ஒரு பள்ளத்துலகூட தூக்கிப் போடல. நிமிசத்துக்கு ஒரு தரம் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தாரு.”

சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். பாய் சிரித்தார். “பாத்தீங்களா, என் செட்டிங்கவிட நல்ல செட்டிங்கு வூட்லயே இருக்குது. தங்கச்சிய ஏத்திக்கிட்டே போங்க.”

கோவிந்தராசுவும் சிரித்தார். “யார்றி இவ! நீ இருந்ததுக்கா மெதுவா போனேன்? பீங்கான் லோடுடி. ஒரு பள்ளத்துல வுட்டா பாதி பொம்மைக்குக் கையி காலு இருக்காது. ஒன் பக்கத்துக் கண்ணாடியிலதான லோடு கட்டுன கயிறு தெரியும். தளந்துடுச்சான்னு அதத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்.”

பாய் கீழே குனிந்து, தேவையில்லாத ஒரு ஸ்பேனரை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

“ஆமால்ல” என்றாள் அமுதவள்ளி. “நான் அடுக்குன பெட்டிங்கதான். மறந்தே போயிட்டேன்.”

திரும்பி வரும் வழியில் அவள் கண்ணாடிப் பக்கம் பார்க்காமல் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாதி தூரம் வந்த பிறகு கேட்டாள்.

“எல்லா லோடையும் பீங்கான் மாரி ஓட்டுனா என்னா?”

“ஓட்டலாம். இன்னிக்கு எறக்க வேண்டியத நாளைக்கு எறக்குவேன். மறுதரம் எவன் லோடு குடுப்பான்?”

“பீங்கானையே ஏத்துங்க.”

“அது எப்பவாச்சும் கெடைக்குறது அமுதா. ஒனக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியும். சூளை அணைந்து கிடக்கும் மாதங்களை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

வேப்பூர் லாரி ஆபீசிலிருந்து போன் வந்தது. கோவிந்தராசு வண்டியை ஓரங்கட்டிப் பேசினார். “ஆமாங்க, பம்பு பண்ணியிருக்குது… எவ்ளோ வெயிட்டு வேணாலும் இழுக்கும்… நாக்பூருக்கா? ஏத்துங்க” என்றார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, “பாத்தியா, செட்டிங்கு வீணாப் போவல” என்றார்.

அவள், “எப்ப?” என்று மட்டும் கேட்டாள்.

கிளம்புகிற காலையில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நானும் வரட்டா?”

“நாக்பூருக்கா? எங்க குளிப்ப, எங்க படுப்ப? கூறு இருக்குதா ஒனக்கு?” கோபமில்லாமல்தான் சொன்னார். “பூர்ணிமாகிட்ட நாலு நாளு போயி இருந்துட்டு வாயேன்.”

“பாக்கலாம். மெதுவா போங்க.”

“சரி. போயிட்டு வரேன்.”

தெருமுனை திரும்பினால் ரயில்வே மேம்பாலம். முன்பெல்லாம் பாரத்தோடு அந்த ஏற்றத்தில் வண்டி முக்கும், முனகும், கியர் மாற்றி மறுபடி முனகும். அவள் பாத்திரத்தைப் போட்டுத் துலக்கி முடிக்கிற வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். இன்று வாசலிலிருந்து அவள் உள்ளே திரும்புவதற்குள் ஒரே மூச்சில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

பெரியநாயகி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

“கெளம்பலியா உங்க வூட்டுக்காரரு?”

“போயிட்டாரே.”

“சத்தமே கேக்கலியேடி!”

“பம்பு பண்ணியிருக்குதுல்ல” என்றாள் அமுதவள்ளி. “நல்லா இழுக்குது.”