காத்து திரும்பின பக்கம்

புயல் ஓய்ஞ்சதும் எங்க வீட்டுக்காரர் பண்ண முதல் வேலை, ஏணியைச் சுவத்துல சாத்தினதுதான். தகரக் கூரை போடறவர். காலையில இருந்து பேய்க்காத்து அடிச்சு எங்க கூரையில பாதியைப் பிச்சுப் போட்டிருந்தது. ஊருக்கெல்லாம் கூரை போட்டவன் வீடு ஒழுகினா மானம் போயிடுமாம்!

"ஏங்க, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டு ஏறுங்க."

"அடுத்த மழைக்குள்ள மூடணும். தொணதொணக்காம ஏணியைப் பிடி."

வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. ஒரு இலை அசையல. தெருவுல ஜனங்க மெத்தையைக் காயப்போட ஆரம்பிச்சுட்டாங்க. அப்பதான் என் தம்பி ஓடி வந்தான். கப்பல்ல சமையல்காரனா இருந்தவன்.

"மாமா, இறங்குங்க! புயல் முடியல. நாம அதுக்கு நட்டநடுவுல நிக்கிறோம். மிச்சப் பாதி எதிர்ப்பக்கத்துல இருந்து வரும்."

"போடா மச்சான். வெங்காயம் உரிச்சவன் எனக்குக் காத்தைப் பத்திச் சொல்ல வந்துட்டான்!"

"இறங்கித் தொலைங்களேன்"னு நானும் கத்தினேன். மனுஷன் காதுல போட்டுக்கவே இல்ல.

அவர் வேலையில குத்தம் சொல்ல முடியாது. தகரத்தை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திப் போடறப்ப, காத்து வர்ற பக்கம் விளிம்பு திறந்திருக்கக் கூடாது. உள்ள பூந்து தூக்கிடும். காலையில கிழக்கே இருந்து அடிச்சதால எல்லா விளிம்பையும் மேற்கே பார்த்து வச்சு ஆணி அடிச்சார். அவ்வளவு அழகா அடிச்சார், பாவி மனுஷன்.

மேற்கே இருந்து வந்துச்சு. முதல்ல ஒரு இரைச்சல், அவ்வளவுதான். கூரை மொத்தமும் பாயைச் சுருட்டற மாதிரி எழும்புச்சு, அதுமேல அவரும். "ஐயோ"ன்னு நான் கத்தினது எனக்கே கேக்கல. ஏணியைப் பிடிச்சிருந்த என் கையைத் தம்பி விரல் விரலாப் பிரிச்சு, என்னை வீட்டுக்குள்ள இழுத்துட்டுப் போய்க் கட்டிலுக்கு அடியில தள்ளினான்.

காத்து அடங்கினதும் தேடப் போனோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. தகரத்து ஓரத்துல அவர் எப்பவும் சிவப்பு பெயின்ட் பூசுவார், அதனால யார் கண்ணுல பட்டாலும் அடையாளம் தெரியும். "அக்கா, வாய்க்கால்ல கிடந்துச்சு." "பள்ளிக்கூடத்து மரத்துல சொருகி இருந்துச்சு." சொல்லிச் சொல்லி வாசல்ல கொண்டுவந்து சாத்துறாங்க. நான் ஒண்ணொண்ணா எண்ணி அடுக்கறேன்.

தகரம் எல்லாம் வந்து சேர்ந்துடுச்சு. அவரை மட்டும் இன்னும் யாரும் கொண்டு வரல.