தலையைக் கொஞ்சம் குனிங்க

அத்தானுக்கு நாக்கு குழற ஆரம்பித்தபோது கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். "என்ன மாஸ்டர், காலையிலேயே ஊத்திக்கிட்டாச்சா?" என்று மளிகைக்கடைக்காரர் கண்ணாடியைப் பார்த்தே கேட்டார். டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷன். அத்தான் சிரித்துக்கொண்டே கிருதாவைச் சரி பண்ணினார்.

அத்தான் என் அக்காவின் கணவர். எங்களுடையது இரண்டு நாற்காலி சலூன். வாசல் பக்கம் அவர், உள்பக்கம் நான். இருபத்தாறு வருஷம்.

குழறலுக்குப் பின்னாலேயே எச்சில் வந்தது. கடைவாயில் கோடாக இறங்கும். துடைப்பார், மறுபடி இறங்கும். நானும் அக்காவும் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

"இவருக்கு எச்சில் ஒண்ணும் அதிகமா ஊறல," என்றார் டாக்டர். "நம்ம எல்லாருக்கும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரைக்கும் ஊறுது. நாம தெரியாமலே முழுங்கிடறோம். இவருக்கு முழுங்க வைக்கற நரம்பு செத்துக்கிட்டு வருது."

"சரியாயிடுமா சார்?" அக்கா கேட்டாள்.

"இல்லம்மா. எச்சிலைக் கொஞ்சம் கொறைக்க மாத்திரை தரேன். நிமிர்ந்து உக்காரட்டும். தலை குனிஞ்சா வழியும், மல்லாந்தா புரையேறும்."

வெளியே வந்ததும் அத்தான் செருப்பைத் தேடிக்கொண்டே, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னார்: "ஊரையே தலை குனிய வச்சவன் நான். என்னைப் போய் நிமிரச் சொல்றாரே, மச்சான்."

அவர் சொல்லி எனக்கு முழுசாகப் புரிந்த கடைசி ஜோக் அது.

மாத்திரை வேலை செய்தது. வாய் காய்ந்து, சளி கோந்து மாதிரி தொண்டையில் ஒட்டிக்கொண்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். கண்ணும் மங்கியதுதான் பெரிய அடி. கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை. ஒரு காலேஜ் பையனின் காது மடலில் கத்தரி பட்டு ரத்தம் வந்தது. டாக்டரிடம் சொன்னதும் பாதி மாத்திரையாகக் குறைத்தார். கண் தெளிந்தது, எச்சிலும் திரும்பி வந்தது. காதுக்குப் பின்னால் மருந்துப் பட்டி ஒட்டி எச்சிலைக் குறைக்கிறதும் இருக்கிறதாம். அதுவும் கண்ணைக் கெடுக்கலாம் என்றதும் அத்தான் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டார்.

வீட்டில் அக்காவுக்கு ஒரே வார்த்தைதான். "முழுங்குங்க." சோறு போடும்போதும், டிவி பார்க்கும்போதும், "முழுங்குங்க, ஏங்க, முழுங்குங்க." கல்யாணமான நாளிலிருந்து, மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாமல் முழுங்குகிறார் என்று அவரோடு சண்டை போட்டவள் அவள்.

கடையில் மாஸ்க் போட்டுக்கொண்டார். அரைமணியில் நனைந்து கனத்து, கீழ் ஓரத்தில் சொட்டும். ஒரு நாளைக்கு எட்டு மாஸ்க். பிறகு ஒரு விஷயம் கவனித்தேன். அத்தான் தண்ணீர் ஸ்ப்ரேயை அளவுக்கு மீறி அடிக்கிறார். முடி, பின்கழுத்து, மேலே போர்த்திய துணி, எல்லாம் ஈரம். ஏன் என்று புரிந்தபோது என் கையில் இருந்த சீப்பு நின்றுவிட்டது. தினமும் காலையில் அந்த பாட்டிலை நானே நிரப்பி வைத்தேன்.

ஆட்கள் ஒவ்வொருவராக என் நாற்காலிக்கு மாறினார்கள். மாறாதவர் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் மட்டும்தான். அந்த ஒரு தலை இருக்கிறவரை வாசல் நாற்காலி தன்னுடையது என்பதுதான் அத்தானின் கணக்கு. அவர் வருகிற சனிக்கிழமை மட்டும் அத்தான் சட்டையை இஸ்திரி போட்டு வருவார்.

போன சனிக்கிழமை போஸ்ட்மாஸ்டர் வந்தார். அத்தானால் இப்போது பேச முடியாது. பின்மண்டையில் இரண்டு விரலை வைத்தால் குனிய வேண்டும் என்று போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியும். குனிந்தார். ஸ்ப்ரே சர்சர்ரென்று அடித்தது. கத்தரி ஓடியது.

திடீரென்று போஸ்ட்மாஸ்டர், "என்ன மாஸ்டர், வெந்நீரா?" என்றார்.

கத்தரி நின்றது.

"ஆமா சார்," என்றேன் நான். "குளிருதேன்னு சூடு பண்ணித்தான் ஊத்தினேன்."

போஸ்ட்மாஸ்டர் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தொட்டார். விரலைப் பார்த்தார். நல்ல மனுஷன், மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். அத்தானால் அதைத்தான் தாங்க முடியவில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அது ஈரமென்று வைத்துவிட்டு, புதுத் துண்டு ஒன்றைப் பிரித்து, அவர் கழுத்தை ரொம்ப நேரம் துடைத்தார். சீப்பையும் கத்தரியையும் என் கையில் கொடுத்தார்.

"அத்தான், நீங்களே முடிங்க. பாதிதானே இருக்கு."

பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இன்று காலை அக்கா அவரைக் கடைக்கு அழைத்து வந்தாள். "தாடி மண்டிப்போச்சுடா. வீட்ல என்னைத் தொடவே விட மாட்டேங்கிறாரு."

வாசல் நாற்காலியைக் காட்டினேன். தலையாட்டி மறுத்துவிட்டு என் நாற்காலியில் ஏறினார். ஷேவிங்குக்கு எல்லோரையும் மல்லாத்துவோம். இவரை மல்லாத்த முடியாது. பின்மண்டையில் இரண்டு விரலை வைத்தேன்.

"தலையைக் கொஞ்சம் குனிங்க அத்தான்."

குனிந்தார். கோடாக இறங்கி, தாடையைப் பிடித்திருந்த என் கையில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"முழுங்குங்க," என்றாள் அக்கா, பழக்கத்தில்.