அப்புக்காத்தரின் ஆயுதம்

வக்கீலை இத்தாலியர் அவ்வொக்காத்தோ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அது அப்புக்காத்து. பலெர்மோவுக்கு வந்த முதல் மாதத்திலேயே கோபாலசிங்கத்துக்கு இந்த ஒரு சொல் மட்டும் தண்ணீர் பட்ட பாடாக வந்துவிட்டது. மிச்ச இத்தாலியன் வர எட்டு வருடம் எடுத்தது. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில் குடியிருந்த ஸ்பத்தாரோ அப்புக்காத்தரின் வீட்டைக் கூட்டித் துடைத்து, சட்டைகளுக்கு அயன் போட்டு, மத்தியானத்துக்குப் பாஸ்தா அவித்து வைப்பது கோபாலசிங்கத்தின் வேலை. அப்புக்காத்தர் தனிக்கட்டை, ஐம்பது வயது, கெட்டவர் என்று சொல்ல முடியாது. நாக்குப் புரளாததால் கோபாலசிங்கத்திலிருந்து சிங்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு "கோபா" என்று கூப்பிடுவார்.

அந்த அப்புக்காத்தர் எப்போது வழக்குப் பேசினார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். கிழமைக்கு இரண்டு நாள் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார். மற்ற நாட்களில் அலுவலக அறையில், சட்டப் புத்தகங்களுக்கு நடுவே, தன் சின்ன வயதுக் கேம் பெட்டியைப் பழைய டீவியில் கொளுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம். கொப்பியில் குறிப்பு எழுதுவார், திட்டுவார், பாஸ்தா ஆறிப்போகும். அது விளையாட்டு என்று கோபாலசிங்கத்துக்குத் தெரியாதா என்ன! ஆனால் ஒரு மனிதன் சாப்பாட்டையும் மறந்து, வியர்த்து விறுவிறுத்து, நாள் முழுக்கச் செய்வதற்குத் தொழில் என்றல்லாமல் வேறு என்ன பெயர் வைப்பது?

2016 புரட்டாதியில் கோபாலசிங்கத்துக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. அது ஒரு கடுதாசி. கலியாணம் முடித்து ஐந்து வருடம். மனைவி குகனேஸ்வரி யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், அவர் இங்கே. அவளைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பம் எல்லாப் படியும் ஏறி, கடைசியில் முதலாளியின் கையெழுத்தில் வந்து நின்றது. 'இவர் என்னிடம்தான் வேலை செய்கிறார், தொடர்ந்தும் செய்வார்' என்று ஒரு வரி, கீழே ஒப்பம், கூடவே முதலாளியின் அடையாள அட்டைப் பிரதி. ஒக்டோபர் இருபதாம் தேதி வியாழக்கிழமை காலை அதைக் கொண்டுவராவிட்டால் ஃபைல் திரும்ப வரிசையின் வாலுக்குப் போய்விடும் என்று, வெளிநாட்டுக்காரருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அலுவலகத்து அம்மா, இத்தாலியனில் சின்யோரா, கண்ணாடிக்கு மேலால் பார்த்துச் சொல்லியிருந்தாள். வால் என்றால் இன்னும் ஒரு வருடம்.

கடுதாசியை அப்புக்காத்தரிடம் கொடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. "தொமானி, கோபா, தொமானி" என்பார். தொமானி என்றால் நாளைக்கு. அந்தக் கடுதாசி கேம் பெட்டிக்குப் பக்கத்தில், காப்பிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஆயுத பூசை வந்தது. அப்புக்காத்தர் கோர்ட்டுக்குப் போயிருந்த திங்கட்கிழமை. கோபாலசிங்கம் குளித்துத் திருநீறு பூசி, பன்னீரில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். தூசி உறிஞ்சும் மெசினுக்கு ஒரு பொட்டு. அயன் பெட்டிக்கு ஒரு பொட்டு. நிலம் துடைக்கும் தடிக்கும் ஒன்று. பிறகு அலுவலக அறை வாசலில் நின்று யோசித்தார். ஒரு கூரைக்குக் கீழே வேலைக்காரனின் ஆயுதத்துக்கு மட்டும் பூசை செய்து முதலாளியின் ஆயுதத்தை விட்டால் சரஸ்வதி என்ன நினைப்பாள்? அதோடு, ஆயுதம் குளிர்ந்தால் ஆயுதக்காரனின் மனமும் குளிரும், கையெழுத்தும் விழும். இதிலே பிழை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் அதன் கசற் கழற்றியபடி கிடந்தது. ப்ளாஷ் கசற் என்று அப்புக்காத்தர் ஒருமுறை பெருமையாக விளக்கியிருந்தார்: நகத்தளவு மெமரி கார்ட் ஒன்றை அதற்குள் செருகினால் ஆயிரம் விளையாட்டு ஓடுமாம். கோபாலசிங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் வெறும் கறுப்புப் பிளாஸ்ரிக். பெட்டிக்குள் செருகும் அடிப்பக்கத்து வாய்க்குள் தங்கப் பல் வரிசை மினுங்கியது. முகம் எது என்று யாரைக் கேட்பது? மோதிர விரலால் வழிய வழிய எடுத்து, பல் வரிசையின் நட்ட நடுவில் சந்தனத்தை அப்பி, கண்ணை மூடிக் குகனேஸ்வரியை நினைத்துக் கும்பிட்டார். பின்னேரம் புறப்படும்போது ஈரத்துணியால் எல்லாப் பொட்டையும் துடைத்தார். கசற்றில் வெளியே தெரிந்ததை மட்டும் துடைத்தார்.

அடுத்த நாள் விஜயதசமி. பெட்டி கறுப்புத் திரை காட்டியது.

அப்புக்காத்தர் முதலில் வயரை மாற்றினார். பிறகு மெமரி கார்ட்டை அழித்து, புதிதாக ஃபோர்மற் பண்ணி, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார். கறுப்பு. வேறு கார்ட் வாங்கினார். கறுப்பு. கசற்றுக்குள் ஓடும் மென்பொருளைப் புதியதாக்கினார், பழையதாக்கினார், அதற்கும் பழையதாக்கினார். கறுப்பு. பெட்டியில் பிழையா என்று பார்க்கத் தன் பழைய ஒரிஜினல் பந்தாட்டக் கசற்றைப் போட்டார். அது முதல் நாள் நன்றாக ஓடியது, இரண்டாம் நாள் கோடு கோடாக வந்தது, மூன்றாம் நாள் அதுவும் படுத்துவிட்டது. ஒன்றிலிருந்த சந்தனம் பெட்டியின் வாய்க்குப் போய், வாயிலிருந்து மற்றதுக்குப் போகிறது என்று பாவம் அந்த மனிதனுக்கு எப்படித் தெரியும்!

இன்ரநெற்றில் இதற்கென்றே கூடிப் பேசும் ஆட்கள் இருந்தார்கள். தொரீனோ நகரத்துக்காரன் ஒருவன், ப்ளாஷ் கசற் மூன்றரை வோல்ட்டுக்குக் கிட்டத்தான் தாங்கும், பெட்டி ஐந்து வோல்ட் தள்ளும், இரண்டும் ஒன்றை ஒன்று கொன்றுவிட்டன என்று எழுதினான். இன்னொருவன் வாயால் ஊதிப் பார்க்கச் சொன்னான். அப்படி ஊதுபவனைத் தூக்கில் போட வேண்டும், எச்சில் பட்டால் கறள் பிடித்துத் துருவேறும் என்று மூன்றாமவன் பாய்ந்தான். அப்புக்காத்தர் எல்லாரையும் சந்தேகித்தார்: சீனாக்காரனை, மின்சாரத்தை, கார்ட் விற்ற கடையை. கோபாலசிங்கத்தை மட்டும் சந்தேகிக்கவே இல்லை. இவ்வளவு நுட்பமான ஒன்றைக் கெடுக்கும் அளவுக்கு வீட்டு வேலைக்காரனுக்கு விஷயம் தெரியும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"கையெழுத்து, அவ்வொக்காத்தோ..." என்று கோபாலசிங்கம் மெல்ல இழுத்தார்.

"கோபா, இந்த வீட்டில் ஒரு மரணம் நடந்திருக்கிறது. உனக்குக் கடுதாசியா முக்கியம்?"

தவணைக்கு இன்னும் ஒரு கிழமை இருந்த வியாழக்கிழமை, அப்புக்காத்தர் பெட்டியை ஒரு மணி நேரம் போட்டபடி விட்டார். அது சூடேறியது. அப்புக்காத்தர் மூக்கை உறிஞ்சினார். "உள்ளே ஏதோ எரிகிறது. ஆனால் வாசமாக இருக்கிறது. கோயில் மாதிரி."

நிலம் துடைத்துக்கொண்டிருந்த கோபாலசிங்கத்தின் கை அப்படியே நின்றது. அந்த மணம் அவருக்குத் தெரியாத மணமா? சொன்னால் வேலை போகும். வேலை போனால் கையெழுத்துப் போட முதலாளி இல்லை. சொல்லாவிட்டால் அப்புக்காத்தர் துக்கத்திலிருந்து எழும்ப மாட்டார், அப்போதும் கையெழுத்து இல்லை. இரண்டு பக்கமும் குகனேஸ்வரி கொக்குவிலிலேயே இருந்தாள்.

அன்று பின்னேரமே நகரத்தின் பிரான்காச்சோப் பகுதிக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு சின்னப் பட்டறையில் ஜசிந்தன் ஃபோன் திருத்திக்கொண்டிருந்தான். வன்னிப் பெடியன், வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், கையில் எப்போதும் ஒரு குறடு. கதையைக் கேட்டுக் குறட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான்.

"என்ன அண்ணை, அப்புக்காத்தற்ற கசற்றுக்கே சந்தனம் வைச்சனீங்கள்? குங்குமமும் வைச்சனீங்களோ?"

"குங்குமம் முடிஞ்சு போச்சு."

"மாதா காப்பாத்தினா. எங்கட ஆக்களெண்டால் தண்ணி தெளிச்சிருப்பம், பெட்டி அங்கையே முடிஞ்சிருக்கும்."

"பகிடியை விடும் ஐசே. என்ர மனிசியின்ர விசயம் இது. திருத்தேலுமோ, ஏலாதோ?"

ஜசிந்தன் சிரிப்பை நிறுத்தினான். "ஓம் அண்ணை, ஏலும். ஒண்டும் எரியேல்லை. சந்தனம் காஞ்சு கரண்டை மறிக்குது, அவ்வளவுதான். இந்தாங்கோ, சுத்த ஸ்பிரிற்று. காதுக்குடம்பி எடுக்கிற குச்சிப் பஞ்சில தோய்ச்சுப் பல்லைத் துடையுங்கோ, பஞ்சு வெள்ளையா வருமட்டும். பெட்டியின்ர வாய்க்குள்ள பஞ்சு போகாது. மெல்லிய மட்டையில துணியைச் சுத்தி உள்ளுக்கை விட்டு எடுங்கோ. தண்ணி மட்டும் காட்டிப் போடாதேங்கோ!"

வெள்ளிக்கிழமை காலை அப்புக்காத்தர் கோர்ட்டுக்கு இறங்கியதும் கோபாலசிங்கம் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் கசற்றின் பல்லைப் பஞ்சால் துடைத்தார். மெல்லிய மட்டைக்கு அவரிடம் ஒன்று இருந்தது: முன்பு கொக்குவிலுக்குக் கதைக்க வாங்கி, கதைத்துத் தீர்ந்த ஃபோன் கார்ட். அதில் துணியைச் சுற்றிப் பெட்டியின் வாய்க்குள் விட்டு இழுத்தார். மஞ்சளாக வந்தது. எட்டாம் தரம் வெள்ளையாக வந்தது. கசற்றைப் போட்டுப் பொத்தானை அமத்தினார். ஆயிரம் விளையாட்டும் வரிசையாக வந்து நின்றன. அவர் அழுதுவிட்டார், பொய் சொல்வானேன்.

மத்தியானம் அப்புக்காத்தர் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையை இடித்தாள். "ராத்திரி நான் ஏற்றிய மென்பொருள்தான்! எனக்கு அப்போதே தெரியும், கோபா!" அன்று முழுக்க உட்கார்ந்து, தான் கண்டுபிடித்த தீர்வை ஒன்பது படிகளாகப் பிரித்து இன்ரநெற்றில் எழுதினார். தொரீனோக்காரன் தோல்வியை ஒப்புக்கொண்டான். பாரி நகரத்திலிருந்து ஒருவன், உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் உலகம் இயங்குகிறது என்று எழுதினான்.

"இப்போது கையெழுத்து..."

"தொமானி, கோபா. ஒரு கிழமை விளையாட்டு நிலுவையில் கிடக்கிறது."

சனி போனது. திங்கள் போனது. செவ்வாய்க்கிழமை கோபாலசிங்கம் அறையைத் துடைக்கும்போது கடுதாசியைக் காணவில்லை. தேடினால், அப்புக்காத்தரின் முழங்கையின் கீழே கிடந்தது. பின்பக்கம் முழுக்க அவர் அடித்த புள்ளிகளைக் கூட்டி எழுதியிருந்தார். பெட்டி பழுதான நாட்களிலாவது கோபா என்று ஒருவன் இருப்பது அந்த மனிதனுக்குக் கண்ணில் பட்டது. திருந்தியபிறகு அதுவும் இல்லை. கோபாலசிங்கத்துக்கு எட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. சும்மா கோபம் இல்லை, காது சிவக்கிற கோபம். அன்று பின்னேரம் வுச்சீரியாச் சந்தையில், தன் அறைக்குப் பக்கத்துக் கடையில், கைவசமிருந்த ஒரு நகலிலிருந்து கடுதாசிக்கு இன்னொரு பிரதி எடுத்தார்.

குகனேஸ்வரி ஃபோனில் வந்தாள். "என்னப்பா, ஒப்பம் வைச்சிட்டாரோ?"

"நாளைக்கு வைப்பார்."

"நாளைக்கு, நாளைக்கு எண்டு உதைத்தானே இரண்டு கிழமையாச் சொல்லுறியள்."

"இந்த நாளைக்கு வேற நாளைக்கு," என்றார் கோபாலசிங்கம்.

புதன்கிழமை காலை. அப்புக்காத்தர் குளிக்கப் போனார். கோபாலசிங்கம் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தார். இம்முறை மந்திரம் இல்லை, கும்பிடு இல்லை, முகம் எது என்ற குழப்பமும் இல்லை. கசற்றைக் கழற்றி, பல் வரிசையில் சந்தனத்தை இழுத்துப் பூசி, திரும்பச் செருகிவிட்டுக் குசினிக்குப் போய் வெங்காயம் வெட்டத் தொடங்கினார்.

"கோபா!"

அவசரப்படாமல் கை கழுவித் துடைத்துக்கொண்டு போனார். அப்புக்காத்தர் ஈரத் தலையோடு, கசற்றை இழுத்து எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றார். முகம் வெளுத்திருந்தது. "கறுப்பு! பாரிக்காரனுக்கு நான் என்ன சொல்வேன்? ஒன்பது படி எழுதியிருக்கிறேனே!"

"நான் திருத்தித் தருகிறேன், அவ்வொக்காத்தோ."

"நீயா?"

"போன வெள்ளிக்கிழமையும் நான்தான் திருத்தினேன். பத்து நிமிடம் போதும். ஆனால் நான் திருத்தும்போது யாரும் பார்க்கக் கூடாது. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி இருந்து இதில் ஒப்பம் வையுங்கள்." புதுப் பிரதியையும் பேனையையும் மேசையில் வைத்தார். "அடையாள அட்டையையும் பிரதி எடுத்துத் தாருங்கள்."

இருபத்தைந்து வருடம் சட்டம் படித்த மனிதன் ஒரு வரிகூட வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். பிரதி எடுத்தார். அதற்குப் பிறகுதான் கோபாலசிங்கம் ஸ்பிரிற்றுப் போத்தலைத் திறந்தார்.

வியாழன் காலை அலுவலகத்துச் சின்யோரா கடுதாசியைப் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்து, நெற்றியைச் சுருக்கினாள். "மூலையில் இது என்ன மஞ்சள்?"

கோபாலசிங்கம் எட்டிப் பார்த்தார். வலது மேல் மூலையில் ஒரு பெருவிரல் அடையாளம். அப்புக்காத்தரின் பெருவிரல். கசற்றைப் பிடித்தபோது ஒட்டிய ஈரச் சந்தனம். போச்சு, எல்லாம் போச்சு! "சமையல், சின்யோரா," என்றார். அவள் கடுதாசியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "என்ன சமைக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்க வேண்டும்," என்றுவிட்டு முத்திரையைக் குத்தினாள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. ஊரில் கலியாண அழைப்புக் கார்ட்டுக்கு மூலையில் மஞ்சள் வைத்துத்தான் அனுப்புவார்கள். பூசை நாள் தொடங்கி வைத்த சந்தனம் அத்தனையிலும் சரியான இடத்தில் விழுந்தது இது ஒன்றுதான், அதையும் அப்புக்காத்தர் தன் கையாலேயே வைத்திருந்தார்.

ஃபோன் அடித்தது. அப்புக்காத்தர். நேற்று அவசரத்தில் கசற்றை மட்டும் துடைத்து, பெட்டியின் வாயை விட்டுவிட்டது கோபாலசிங்கத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கோடு கோடாக வரத் தொடங்கியிருக்கும். அவர் அழைப்பை வெட்டிவிட்டு, முதலில் கொக்குவிலுக்கு எடுத்தார்.